கருங்குவளைக்கு ஒரு முகம்

விருத்தாசலம் தொழிற்பேட்டையிலுள்ள பீங்கான் பொம்மைக் கூடமொன்றில் முகம் எழுதுபவர் விமலாராணி. களிமண் கூழை அச்சில் வார்ப்பவர், பிசிறு சீவுபவர், சூளையில் அடுக்குபவர் எனப் பலர் கைமாறி, கண்ணும் மூக்கும் புடைத்திருந்தும் யாருடைய முகமும் இல்லாமல், வெள்ளை வெளேரென்று பொம்மை அவர் மேசைக்கு வந்து சேரும். திரும்பிப் போகும்போது அது லட்சுமியாகியிருக்கும், அல்லது தேவமாதாவாகியிருக்கும். ஆடி ஆவணியில் கொலு வேலை. அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில் வேலை. இரண்டுக்கும் அவரிடம் இருப்பது ஒரே தூரிகைதான். மாதா முகத்தில் கொஞ்சம் சரஸ்வதி சாயல் தெரிகிறதென்று பங்குக் கோயிலில் யாரோ கேலி செய்தபோது, இரண்டு பேருமே நல்ல குடும்பத்துப் பெண்கள்தானே என்று சொல்லிக் கேலி செய்தவரின் வாயை அடைத்தவர் விமலாராணி.

அந்தக் கூடத்தில் ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு மாதிரி அட்டை உண்டு. விழி எவ்வளவு, உதடு எவ்வளவு, பொட்டு எங்கே என்பதெல்லாம் அட்டையில் இருக்கும். அட்டையில் இல்லாத விதியொன்றும் உண்டு. அது கைப்பழக்கமாக வந்தது. நல்லவர்களுக்குப் புருவத்தை மூக்கருகே தொடங்கி வெளியே இழுக்க வேண்டும். கெட்டவர்களுக்கு வெளியே தொடங்கி மூக்கை நோக்கி இழுக்க வேண்டும். முடிகிற இடத்தில் தூரிகையை ஓர் அழுத்து அழுத்தி எடுப்பார்கள். ஆகவே ராமருடைய புருவம் காதோரம் இறங்கித் தணியும். ராவணனுடைய புருவம் மூக்கின்மேல் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது என்பது கூடத்தில் எல்லோரும் சொல்வது.

விமலாராணிக்கு நெடுநாளாக ஓர் ஆசை இருந்தது. அட்டையைப் பாராமல் ஒரு முகம் எழுத வேண்டும். பழைய முதலாளியிடம் இருமுறை கேட்டார். அவர் சிரித்ததோடு சரி. அவருடைய மகன் திலீபன் பொறுப்புக்கு வந்தபின் அவனிடமும் கேட்டார். பார்க்கலாம் என்றான். அந்தப் பேச்சு அப்படியே கிடந்த வேளையில்தான் குவளை வட்டத்தார் கூடத்துக்கு வந்தார்கள்.

குவளை வட்டம் என்பது சித்திரக் கதை வாசகர்களின் சிறு கூட்டம். மாதந்தோறும் வெளிவரும் 'வயிரவேல் சாகசங்கள்' என்னும் தொடரைப் படிப்பவர்கள், விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு டீக்கடை மாடியில் ஞாயிறு மாலைகளில் கூடிப் பேசுவார்கள். வயிரவேல் ஒரு கோட்டை நகரத்தின் காவல் தலைவன், வாட்போரில் வல்லவன், எல்லா மாதமும் வெல்பவன். ஆனால் இவர்கள் தங்கள் வட்டத்துக்கு அவன் பெயரை வைக்கவில்லை. அவனிடம் எல்லா மாதமும் தோற்பவளான கருங்குவளையின் பெயரை வைத்திருந்தார்கள். தொடரின் ஆண்டு விழாவுக்காகச் சென்னையில் வாசகர்கள் கூடவிருந்தனர். அங்கே கொண்டுபோய் வைக்க அவளுடைய உருவம் அறுபது வேண்டும் என்று கேட்டார்கள்.

உருவத்தை வடிப்பதில் சிக்கல் இருக்கவில்லை. அச்சு செய்பவர் படத்தைப் பார்த்து, கையில் ஈட்டியும் முடிந்த கொண்டையுமாக ஒரு பெண்ணை வடித்துவிட்டார். முகத்துக்கு அட்டை இல்லை. திலீபன் தன் கைபேசியில் ஒரு மேலட்டைப் படத்தைக் காட்டினான். அதில் புகை மூட்டத்தில் அவள் முகம் பாதி மறைந்திருந்தது. இவள் யார் என்று விமலாராணி கேட்டார். வில்லி என்றான் அவன். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை.

முதல் முறையாக அட்டையில்லாத முகம். விமலாராணி அன்று தேவதூதருக்கு எடுக்கும் மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டார். மாதிரிக்கு ஆறு பொம்மைகள். எழுதி, வண்ணம் உருகிப் பிடிக்கும்படி சின்ன மின்சூளையில் இன்னொரு முறை சுட்டு, துடைத்து வரிசையாக வைத்தபோது அவருக்கே திருப்தியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வட்டத்திலிருந்து மூன்று பேர் பார்க்க வந்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் போகும் தனியார் பேருந்தில் நடத்துநரான பாரி. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெயஸ்ரீ. கம்மாபுரம் பக்கத்து விவசாயியான சாமிக்கண்ணு. அறுபதைத் தாண்டிய சாமிக்கண்ணுவைச் சித்திரக் கதைக் கூட்டத்தில் பார்த்ததே விமலாராணிக்கு வியப்பு. ஜெயஸ்ரீ ஆசையோடு ஒரு பொம்மையைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வேறொருவருடைய குழந்தையைத் தவறாகத் தூக்கிவிட்டவளைப் போல மெதுவாக அதைக் கீழே வைத்தாள்.

பாரிதான் வாய் திறந்தான்.

“அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இது அவ இல்லீங்க.”

“வில்லின்னுதானே சொன்னாங்க?”

“வில்லிதாங்க. ஆனா இந்த மாதிரி வில்லி இல்லீங்க.”

“அதுல எத்தினி மாதிரி இருக்குது? காப்பித்தூள் கடையா வச்சிருக்கீங்க?”

சாமிக்கண்ணு சிரித்துவிட்டார். விமலாராணி சிரிக்கவில்லை. பொம்மையை எடுத்துத் தம் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. ஆறு பொம்மைகளுக்கும் புருவம் வெளியிலிருந்து தொடங்கி மூக்கின்மேல் வந்து முடிச்சிட்டிருந்தது. கருங்குவளை என்று நினைத்து அவர் எழுதியது மீசையெடுத்த ராவணனை.

அடுத்த மாத முதல் ஞாயிறுக்குள் இன்னொரு மாதிரி காட்டினால் பார்ப்பதாகவும், அதுவும் சரிவராவிட்டால் சென்னையிலேயே பிளாஸ்டிக்கில் எந்திரத்தால் செய்துகொள்வதாகவும் வட்டத்தார் தயக்கத்தோடு சொன்னார்கள். திலீபன் அப்பால் நின்று கைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். ராணியக்கா அட்டை இருந்தால் இம்மியும் பிசகாமல் போடுவார், இல்லாவிட்டால் கஷ்டந்தான்போல என்று அவன் சொன்னது இங்கே கேட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் விமலாராணிக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை காலம் கேட்டுக் கேட்டு வாய்த்த முதல் முகத்தையே பழக்கத்தால் எழுதிவிட்டோமே, அட்டையை எடுத்துவிட்டால் நம் கையில் ஒன்றுமே இல்லையோ என்ற பயம் அவருக்குள் இறங்கியது. இரண்டாவது முறையும் தவறினால் அவன் சொன்னதே உண்மையாகிவிடும். அதன்பின் எந்த வாயால் கேட்பது?

கிளம்பியவர்களை அவர் நிறுத்தினார். ஊரை அழிக்க வருகிறவளை உங்களுக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம், மூவரும் உட்கார்ந்துவிட்டார்கள். வயிரவேலின் கோட்டை நகரம் இருக்கும் இடத்தில் முன்பு ஓர் ஏரி இருந்ததாம். அதைத் தூர்த்துத்தான் நகரம் எழுந்ததாம். ஏரிக்கரையில் குடியிருந்தவர்களின் தலைவி கருங்குவளை. மாதந்தோறும் வாயிலை உடைப்பாள், களஞ்சியத்தைக் கொளுத்துவாள், மதகைத் திறந்துவிடுவாள். வயிரவேல் வந்து தடுத்துவிடுவான். இவ்வளவும் சொல்லிவிட்டுப் பாரி தன் காரணத்தைச் சொன்னான். வயிரவேல் ஜெயிக்கப் பிறந்தவன். அவனுக்கு எதுவும் தாமதமாவதில்லை. இவளோ ஒவ்வொரு மாதமும் மண்ணைக் கவ்விவிட்டு, அடுத்த மாதம் தலையை வாரி முடிந்துகொண்டு மறுபடியும் வந்து நிற்கிறாள். காலை முதல் வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்றான். ஜெயஸ்ரீக்குக் காரணம் வேறு. தோற்று ஓடும்போதுகூடக் கருங்குவளை அடிபட்ட தன் ஆட்களை விட்டுவிட்டு ஓடியதில்லையாம். வயிரவேலுக்காக அடிபடுகிறவர்கள் அடுத்த கட்டத்தில் என்ன ஆனார்கள் என்று படம் போடுகிறவரே மறந்துவிடுவாராம்.

சாமிக்கண்ணுவின் நிலமும் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயிருந்தன. இப்போது புதுக் குடியிருப்பில் இருக்கிறார். பேரனுக்கு வாங்கிய புத்தகத்தைப் புரட்டப்போய் இதில் விழுந்தவர். அவர் நீட்டிப் பேசவில்லை.

“அவ ஏரியக் கேக்கறா. அவ்ளோதாங்க. கேக்கற விதம் தப்பு. கேக்கறது தப்பில்ல.”

மறுநாள் ஜெயஸ்ரீ ஒரு ஜவுளிக்கடைப் பை நிறையப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தை மடிக்கக் கூடாது, சாப்பிட்டுக்கொண்டே படிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடு கொடுத்தாள். விமலாராணி வீட்டில் அவற்றைப் பார்த்ததும் கணவர் அமிர்தசாமிக்குச் சிரிப்பு. பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் அவர், இந்த வயதில் பொம்மைப் புத்தகமா என்றார். மூன்றாம் நாள் மனைவி படித்து முடித்துக் கீழே வைத்த புத்தகத்தை எடுத்துத் தாமும் புரட்டினார். அந்த வாரம் முடிவதற்குள் அவர் வயிரவேல் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

விமலாராணி முதலில் மனத்தாங்கலோடுதான் படித்தார். தம் வேலையைக் கெடுத்தவள் இவள் என்ற கோபம் இருந்தது. பத்துப் புத்தகம் தாண்டியபின் கோபம் எங்கோ போய்விட்டது. ஒரு கதையில், வயிரவேலின் படை வரும் வழியிலுள்ள மரப்பாலத்தை எரிக்கக் கருங்குவளை காத்திருக்கிறாள். எல்லாம் ஆயத்தம். அந்த நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வருகிறது. அது கோட்டை நகரத்து வண்டி, எதிரிகளின் வண்டி. கருங்குவளை கையை உயர்த்தித் தன் ஆட்களை நிறுத்துகிறாள். வண்டி ஆடி அசைந்து கடந்து போகிறது. அந்தத் தாமதத்தில் படை வந்துவிடுகிறது. அவள் தோற்கிறாள். வண்டி கடந்துபோனதற்கும் குதிரைகளின் சத்தம் கேட்பதற்கும் நடுவில், பேச்சே இல்லாமல் ஒரே ஒரு கட்டம். தோற்கப்போவது தெரிந்த அவள் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். படம் முதுகுப்புறமிருந்து வரையப்பட்டிருந்தது. முகம் காட்டப்படவில்லை.

தாம் எழுத வேண்டியது அந்த முகத்தைத்தான் என்பது விமலாராணிக்குத் தெளிவாகிவிட்டது. இரக்கமுள்ளவள் என்று தெரிந்தபின் என்ன தயக்கம்? கழித்துப் போட்ட பொம்மையொன்றை எடுத்து, புருவத்தை மூக்கருகே தொடங்கி வெளியே இழுத்தார். கண்ணைக் கொஞ்சம் தாழ்த்தினார். எழுதி முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால், ஈட்டி பிடித்த லட்சுமி. கேட்டதை எல்லாம் கொடுத்துவிடுவாள்போல உட்கார்ந்திருந்தது முகம். களஞ்சியத்தைக் கொளுத்தியவள் இவள்தான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சுடுவதற்கு முன் வண்ணத்தைத் துடைத்துவிடலாம், சுட்டபின் முடியாது. அவர் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தார். கெட்டவள் ஆக்கினால் ராவணன். நல்லவள் ஆக்கினால் லட்சுமி. அவருக்குத் தெரிந்த புருவம் இரண்டே. எழுதினார், துடைத்தார், மறுபடியும் எழுதித் துடைத்தார். பொம்மையின் முகமே தேய்ந்துவிடும்போல என்று பக்கத்து மேசையில் முணுமுணுத்தார்கள்.

காட்ட வேண்டிய நாளுக்கு முந்திய சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமிர்தசாமி புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கருங்குவளையைக் குற்றம் சாட்டத் தொடங்கினார். மதகைத் திறந்துவிட்டாளே, அதில் எத்தனை வயல் அழிந்தது, பயிர் செய்தவன் ஏரியைத் தூர்த்தானா, அவன் என்ன பாவம் செய்தான் என்றெல்லாம் கேட்டார். விமலாராணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சும்மா இருந்தா என்ன அர்த்தம்? அவ செஞ்சது தப்பு இல்லியா?”

“தப்புதான். யாரு இல்லன்னா?”

“அப்பறம் என்ன?”

“தப்புன்னு அவளுக்கே தெரியுது. ஒங்க ஆளுக்கு ஏரிய மூடுனது தப்புன்னு இன்னி வரைக்கும் தெரியல. ஒரு பக்கத்துலயாவது அத நெனைச்சுப் பாத்திருக்கானா? வாளத் தொடைக்கவே நேரம் சரியா இருக்குது அவனுக்கு.”

அமிர்தசாமி மனைவியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தோற்றுக்கொண்டிருக்கும் மனிதருக்குத் திடீரென்று ஒரு துருப்பு கிடைத்ததுபோலச் சிரித்தார்.

“வந்துருச்சு பாரு அந்த மூஞ்சி.”

“எந்த மூஞ்சி?”

“ஒன் பக்கம் தப்பு இருக்குது, ஆனா வுட்டுக் குடுக்க மாட்டன்னு நிப்ப பாரு, அந்த மூஞ்சி. கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கறேன். ஒரு புருவம் சண்டைக்கு வரும், ஒரு புருவம் சமாதானத்துக்கு வரும். நான் எதுக்குப் பதில் சொல்றது?”

விமலாராணி கையைக்கூடக் கழுவாமல் உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்றார். போனதும் முகம் சாதாரணமாகிவிட்டது. அங்கிருந்தபடியே, இன்னொரு தடவை வயிரவேலைப் புகழுங்கள் என்று கணவரிடம் கேட்டார். அமிர்தசாமி முன்னறையில் இருந்துகொண்டு அவன் வீரத்தையும் நேர்மையையும் பெருங்குரலில் பாடினார். இரண்டு வாக்கியத்துக்குள் அது வந்துவிட்டது. இடது புருவம் மூக்கை நோக்கி இறங்கி அழுந்தியது. வலது புருவம் வெளியே விலகித் தணிந்தது. கோபமாகவும் இல்லை, சாந்தமாகவும் இல்லை. தன் பக்கத்து நியாயத்தையும் தன் பக்கத்துத் தப்பையும் ஒரே நேரத்தில் அறிந்த ஒருத்தி கண்ணாடியிலிருந்து அவரைப் பார்த்தாள்.

அன்று கூடத்துக்கு அரை நாள் விடுமுறை. அவர் புத்தகப் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்க் காவலாளியிடம் சொல்லிக் கதவைத் திறக்க வைத்தார். சன்னல் வெளிச்சம் இருக்கும்போதே எழுதினார். இடது புருவத்தை வெளியே தொடங்கி உள்ளே கொண்டுவந்தார்; வலது புருவத்தை உள்ளே தொடங்கி வெளியே விட்டார். இத்தனை ஆண்டுகளில் ஒரே முகத்தில் இரண்டு விதமாக அந்தத் தூரிகை நடந்ததில்லை, கை தயங்கியது. ஆனால் கண்ணை எழுதும்போது தயக்கம் இருக்கவில்லை. பாலத்தைப் பார்த்தபடி நிற்பவளுக்குக் கண் எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உதட்டுக்கு ஒரே கோடு. சிரிப்பும் இல்லை, சுளிப்பும் இல்லை. ஒரே ஒரு பொம்மைதான். அதை மின்சூளையில் வைத்துவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சுட்டபின் துடைக்க முடியாது என்பதை இந்த முறை அவர் நினைக்கவே இல்லை.

மறுநாள் பங்குக் கோயிலில் காலைத் திருப்பலி முடிந்ததும் நேரே கூடத்துக்கு வந்தார். சூளை ஆறியிருந்தது. வட்டத்தார் மூவரும் வந்தார்கள். திலீபனும் இருந்தான். விமலாராணி ஒரு விளக்கமும் சொல்லாமல் பொம்மையை மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

பாரி குனிந்து இடப்பக்கமிருந்து பார்த்தான். பிறகு சுற்றிப்போய் வலப்பக்கமிருந்து பார்த்தான். ஜெயஸ்ரீ கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்கவில்லை. கட்டைவிரலால் கொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“வண்டி போனப்பறம்,” என்றாள்.

“ஆமாம்மா,” என்றார் விமலாராணி. “அதுக்கப்பறந்தான்.”

“அந்தக் கட்டத்துல மொகமே கெடையாதுங்க. நாங்க எல்லாரும் ஆளுக்கு ஒண்ண நெனைச்சு வச்சிருந்தோம்.”

சாமிக்கண்ணு ஜெயஸ்ரீயிடமிருந்து பொம்மையை வாங்கிக்கொண்டார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணருகே பிடித்தார். தம் வீட்டுப் படத்தில் இருக்கும் யாரையோ அடையாளம் தேடுகிறவரைப் போல நெடுநேரம் பார்த்தார்.

“ஊர வுட்டு வர்ற அன்னிக்கு எங்க வூட்டுக்காரி இப்படித்தாங்க நின்னா,” என்றார். “வண்டில ஏறுன்னா ஏற மாட்டா. திட்டவும் மாட்டா.” பொம்மையை மேசைமேல் வைத்துவிட்டு, “இத எனக்குன்னு ஒண்ணு தனியாப் போட்டுருங்க. அவகிட்ட காட்டணும்,” என்றார்.

பாரி அறுபது போதாது, எண்பதாகச் செய்துகொள்ளலாமா என்று வட்டத்து ஆட்களிடம் தொலைபேசியில் கேட்கத் தொடங்கிவிட்டான். திலீபன் பொம்மையைப் பார்த்தான், விமலாராணியைப் பார்த்தான், மறுபடியும் பொம்மையைப் பார்த்தான். சாயலை அவன் கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் தோன்றியது. ஆனால் நல்ல பிள்ளையாக அதைச் சொல்லவில்லை. இந்த முகத்துக்கு ஓர் அட்டை எழுதிவிட்டால் மற்ற மேசைகளுக்கும் பிரித்துக் கொடுத்து வேலையைச் சீக்கிரம் முடிக்கலாம் என்றான்.

“அட்டை வேணாம் தம்பி. எல்லாத்தையும் நானே போட்டுக்கறேன். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் மாறும். மாறட்டும்.”

“ஒரே ஆளு மாதிரி தெரியணுமேக்கா.”

“நீ தெனமும் ஒரே மாதிரியா இருக்கற?”

அவன் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டான். கொலு வேலைக்கு இனி மற்றவர்கள் போதும், சன்னலோர மேசையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அட்டையில்லாத வேலை எது வந்தாலும் அங்கே வரட்டும் என்றான். இதைச் சொல்லும்போது அவன் குரலில் சிறிது கூச்சம் இருந்தது. தொலைபேசியில் தான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும் என்பதை அவனும் அறிந்திருப்பான்போலும். விமலாராணி தம் தூரிகைகளை எடுத்துச் சன்னலோர மேசைமேல் வைத்தார்.

புறப்படும் வேளையில் ஜெயஸ்ரீ புத்தகப் பையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தாள். அதற்குள் பாரிக்கு ஒரு யோசனை. இவளை மட்டும் தனியாக நிறுத்தினால் நன்றாக இருக்காது, எதிரே நிற்க வயிரவேலும் வேண்டும், அவனையும் அக்காவே எழுதிவிடட்டும் என்றான். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. விமலாராணி யோசித்தார். வீரமும் அழகும் வெற்றியும் உள்ள ஒருவனுக்கு முகம் எழுதுவது முன்பென்றால் கால் மணி நேர வேலை. ராமருடைய அட்டையே போதும். இப்போது அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை.

“போடறேன். ஆனா அவன் எதுக்காவது ஒரு தடவ வருத்தப்பட்டிருக்கானா? அது எந்தப் புத்தகத்துலன்னு சொல்லுங்க, அதப் பாத்துப் போடறேன்.”

பாரி முதல் புத்தகத்திலிருந்து மனத்துக்குள் புரட்டிப் பார்த்தான். ஜெயஸ்ரீ ஏதோ சொல்ல வாயெடுத்து, இல்லை, வருத்தப்பட்டது அவனுடைய குதிரை என்று நிறுத்திக்கொண்டாள். சாமிக்கண்ணு, உங்கள் வீட்டுக்காரர் அவன் கட்சி என்றீர்களே, அவரையே கேட்டுப் பாருங்கள் என்றார். விமலாராணி ஜெயஸ்ரீயின் கையிலிருந்த பையை வாங்கி மறுபடியும் தம் மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும், பக்கத்தை மடிக்கமாட்டேன் என்றார்.